எடைக்கு எடை வெல்லம்: கீட்டோ சாப்பிடும் மகளோடு ஆனைமலைப் பக்கம் ஒரு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொப்பை குறைக்கக் கீட்டோ இருப்பவர்கள் இந்தப் பதிவை நம்பி வந்து ஏமாற வேண்டாம். இது எங்கள் மகள் தாரணியோடு போய் வந்த ஒரு நாள் பயணம். தாரணிக்கு ஒன்பது வயது. ஐந்து வயதில் வலிப்பு வர ஆரம்பித்தது. மூன்று மருந்து மாற்றியும் நிற்கவில்லை. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரியில் டாக்டரும் உணவு நிபுணரும் சேர்ந்து கீட்டோ உணவில் வைத்தார்கள். சோறு, இட்லி, சர்க்கரை, பழம் எல்லாம் போச்சு. தேங்காய் எண்ணெய், வெண்ணெய், க்ரீம், முட்டை, பனீர் என்று கொழுப்புதான் சாப்பாடு. அதுவும் இஷ்டத்துக்கு இல்லை. ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் தட்டில் வைக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் சர்க்கரை உள்ளே போனாலும் வலிப்பு திரும்பலாம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்படி ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கடைசி வலிப்பு வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கண்ணு பட்டுவிடக் கூடாது, சத்தமில்லாமல்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் பீளமேட்டை விட்டு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் அவளைக் கூட்டிப் போனதில்லை. கல்யாணம், சீர், காதுகுத்து எதற்கும் நாங்கள் இல்லை. இந்த மாதிரிப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் போனோம்? எங்கள் அக்கா பூங்கொடியால்தான். அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்தில். தாரணி ஐசியுவில் கிடந்த ராத்திரிகளில் வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவள் அவள்தான். அங்கேயே அவள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: புள்ளைக்கு இது நின்னுபோச்சுன்னா அவ எடைக்கு எடை வெல்லம் கொடுக்கறேன் தாயே என்று. வலிப்பு நின்றது. ஆனால் நின்றது இந்தச் சாப்பாட்டால் என்று மட்டும் அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"சோறு போடாம புள்ளையக் கொல்றீங்கடா" என்பதுதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் முதல் வார்த்தை. எடை கூடியிருக்கு அக்கா, மாசாமாசம் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள் என்று சொன்னால், "உங்க மெசினு என்ன வேணாலும் சொல்லும். அம்மன் தராசு பொய் சொல்லாது" என்பாள். கடைசியில் மாசி மாதம் ஒரே போடாகப் போட்டாள். "வெள்ளிக்கெழமை கூட்டிட்டு வா. தராசுல ஏத்திப் பாப்போம். புள்ள எளைச்சிருந்தா அன்னிக்கே நான் சோறு ஊட்டிப்போடுவேன். நீயும் உன்ற டாக்டரும் என்ன பண்றீங்கன்னு பாக்கறேன்."

அக்கா சொன்னால் செய்வாள். சுகந்தி, அதாவது என் மனைவி, போகவே வேண்டாம் என்றாள். எனக்கு ரோஷம். ஒரு பம்ப் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலை எனக்கு. தராசுக்கு நான் பயப்படுவேனா? வாரேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மூன்று ராத்திரி தூக்கம் இல்லை, அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை 5.45க்கு கிளம்பினோம். தாரணிக்கு வீட்டிலேயே சாப்பாடு முடித்து, தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் வைத்து மதியத்துக்கு ஒன்று, அவசரத்துக்கு இன்னொன்று என்று இரண்டு வேளைச் சாப்பாடு. தராசு, தராசுக்கு மாற்று பேட்டரி, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். பீளமேட்டிலிருந்து உக்கடம் டவுன் பஸ்; சுகந்திக்கு இலவசம், எனக்கு 13 ரூபாய். உக்கடத்தில் 6.40 பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆளுக்கு 38 ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்கு.

கணக்கு கிணத்துக்கடவு வரைதான் வந்தது. அதைத் தாண்டிப் பஸ் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம். தாரணிக்கு வேளை தவறக் கூடாது.

"எவ்வளவு நேரமாகுமுங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"அடுத்த வண்டி வந்துட்டே இருக்குதுங்க. பாப்பாவுக்கு எளநி வாங்கித் தரட்டுங்களா? வெயில் ஏறுது பாருங்க" என்றார்.

வேண்டாமுங்க என்றேன். பக்கத்து சீட்டு அம்மா பையிலிருந்து பன் எடுத்தார். அதுவும் வேண்டாமுங்க. பின் சீட்டுக்காரர் கடலை மிட்டாய் நீட்டினார். நம்ம ஊரில் பிள்ளைக்குத் தீனி கொடுக்காமல் பத்து நிமிஷம் யாராவது சும்மா இருந்து பார்த்திருக்கிறீர்களா? "ஏனுங்க, புள்ள மூஞ்சி வாடிப் போச்சுங்க, இப்படிப் பண்றீங்களே" என்று அந்த அம்மா என்னைக் கோபித்துக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தாரணிதான் சமாளித்தாள். "எனக்கு மருந்துச் சாப்பாடு ஆன்ட்டி, இது சாப்பிட்டா தலை சுத்தி விழுந்துடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மா பன்னைத் திரும்பப் பையில் வைத்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை எங்களிடம் கொடுத்தார். அடுத்த பஸ் இருபது நிமிஷத்தில் வந்தது.

பொள்ளாச்சியில் இறங்கியபோது மணி 8.30. அங்கிருந்து அக்கா ஊட்டுக்குப் பதினாறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 380 ரூபாய் கேட்டார், 350க்கு வந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னைதான், மேற்கே மலை. தாரணி ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தாள். ஒன்றரை வருடமாக நாங்கள் அவளுக்குக் கொடுக்காத காற்று அது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். தாரணியைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தடவி, கையைத் தூக்கிப் பார்த்து, "ஒசந்துதான் இருக்கறா. ஒசரம் இருந்து என்ன பண்றது, சதையே இல்லையே சாமி" என்றாள். பொள்ளாச்சி மண்டியில் வாங்கிய உருண்டை வெல்லம் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தாள். எத்தனை கிலோ அக்கா என்றேன். "பதினெட்டு. ஆஸ்பத்திரில கெடந்தப்ப பதினாறு இருந்தா. சோறில்லாத புள்ளைக்கு இதுவே சாஸ்தி" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. சுகந்தி என் கையைக் கிள்ளினாள். நான் அப்போதும் திறக்கவில்லை. அம்மன் தராசு பேசட்டும்.

அதற்குள் எங்கள் மச்சான், அக்கா வீட்டுக்காரர், தோப்பிலிருந்து ஒரு செவ்விளநீரைச் சீவிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனுஷன். "தேங்காதான் அம்மணிக்கு மருந்துன்னு நீதானே சொன்னே மாப்ளே. தேங்காயே மருந்துன்னா எளநி அமிர்தமாச்சே!" என்று அவள் கையில் கொடுத்தே விட்டார். தோப்புக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். முற்றின தேங்காயில் கொழுப்பு. இளநீரில் இருப்பது சர்க்கரைத் தண்ணீர். நான் பதறிக்கொண்டு எழுந்தேன்.

தாரணி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். அவளுக்கு இளநீர் என்றால் உயிர். எச்சில் முழுங்கினதை நான் பார்த்தேன். அப்புறம் அப்படியே மச்சானிடம் திருப்பி நீட்டினாள். "இது முத்தட்டும் மாமா. முத்தின பொறவு வாரேன்" என்றாள்.

மச்சான் ஹோவென்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "ஆசையைக் கூட அடக்கப் பழக்கி வெச்சிருக்கறீங்க. பாவம்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாவம்தான் அக்கா, யார் இல்லையென்றது? ஆனால் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தாளே, அது அதைவிடப் பாவம் இல்லையா? இதை அன்று சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

கோயில் தோப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மச்சான் காரிலேயே போனோம். பத்தரைக்குத் தராசு தயார். பெரிய மரச்சட்டம், இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கும் பலகை. பூசாரி தாரணியை ஒரு பலகையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார். பலகை தரையைத் தொட்டது. அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வெல்ல உருண்டைகளை இன்னொரு பலகையில் அடுக்க ஆரம்பித்தாள். வெல்ல வாசம் கோயில் முழுக்க. பாதி சாக்கு போனது. முக்கால் சாக்கு போனது. தாரணி இருந்த பலகை அசையவில்லை. அக்கா சாக்கை உதறிக் கடைசி உருண்டையையும் வைத்தாள்.

பலகை தரையிலேயே இருந்தது.

"ஏனுங்க பூசாரி, தராசு சிக்கிக்கிச்சா பாருங்க" என்றாள் அக்கா. பூசாரி சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். "தராசு நல்லாத்தானுங்க இருக்குது. புள்ளதான் கனமுங்க" என்றார்.

எனக்குள்ளே ஒரு விசில் கிளம்பியது பாருங்கள்! கோயிலாச்சே என்று அடக்கிக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். "எத்தனைடா இருக்கறா?" என்றாள். இருபத்திமூணு அக்கா, கூடியிருக்குன்னு போனிலேயே சொன்னேனே என்றேன். அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். கோபம் இல்லை. "அஞ்சு கிலோ கம்மியாக் கொண்டாந்துட்டேனே தாயே" என்று அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் மச்சானிடம் திரும்பி, "அட நின்னுட்டிருக்கறீங்களே! கார்ல இருக்கற தேங்காயெல்லாம் எடுத்துட்டு வாங்க!" என்று ஒரு சத்தம். அது நாங்கள் ஊருக்கு எடுத்துப்போவதற்காக டிக்கியில் போட்டு வைத்த காய்கள். வெல்லத்தோடு சேர்த்து வைக்கலாமுங்களா என்று அக்கா கேட்டதற்குப் பூசாரி, "அம்மனுக்கு வெல்லமும் ஒண்ணு, தேங்காயும் ஒண்ணுதானுங்க, வைங்க" என்றார்.

மச்சான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அக்கா ஒவ்வொரு காயாக வைத்தாள். ஒன்பதாவது காய்க்குத் தாரணி தரையை விட்டு எழும்பினாள். "அத்தை, பறக்கறேன்!" என்று கத்தினாள். சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள். நான் அழுதேன், வெட்கமெல்லாம் இல்லை.

வெல்லத்தை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அக்கா பழக்க தோஷத்தில் ஒரு துண்டைத் தாரணி வாயருகே கொண்டுபோனாள். கை அந்தரத்தில் நின்றது. அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ஒரு தேங்காயை உடைத்து, பருப்பில் ஒரு சில்லை எடுத்து, "கண்ணு, உன்ற தராசை எடு. எத்தனை கிராம் ஆகும்னு சொல்லு, அத்தை நிறுத்தே தாரேன்" என்றாள். மதியச் சாப்பாட்டுக் கணக்கில் அது பத்து கிராம் ஆகும் என்றாள் தாரணி. அக்கா கோயில் தரையில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி எண்ணைப் பார்த்துப் பார்த்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் குறைத்துப் பத்து கிராம் வைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினோம். ராத்திரி சிறுநீரைக் கீட்டோன் பட்டையில் பார்த்தோம். சர்க்கரை உள்ளே போயிருந்தால் நிறம் வெளுத்திருக்கும், ஆனால் எப்போதும் போலத்தான் இருந்தது. அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை, வலிப்பு வரவில்லை.

இதே மாதிரிப் பிள்ளையோடு கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. கையில் இரண்டு வேளைச் சாப்பாடு அதிகமாகவே இருக்கட்டும், பஸ் உங்கள் கணக்கைக் கேட்காது. பஞ்சாமிர்தம், சர்க்கரை போட்ட பால் தீர்த்தம் கொடுக்கிற கோயிலில் பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். திருநீறு போதும் என்றால் யாரும் கோபிப்பதில்லை. வழியில் காய்ச்சல் வந்தால் கடையில் கிடைக்கும் சிரப்பை ஊற்றிவிடாதீர்கள், அதிலும் சர்க்கரை உண்டு. எந்த மாத்திரை என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எடுத்துப்போங்கள். உறவுக்காரர்களிடம் "தேங்காய் நல்லது" என்று பொதுவாகச் சொல்லாமல், இளநீர் ஆகாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்களுக்கு வெற்றி என்பதால் எல்லோருக்கும் அப்படி என்று எழுத மாட்டேன். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தைக்கு இது கேட்கவில்லை. தாரணிக்கே முதல் இரண்டு மாதம் வாந்தியும் மலச்சிக்கலும் படுத்தி எடுத்தது. ரத்தப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. வளர்த்தி குறையலாம் என்பதால்தான் மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். அக்காவின் பயம் வெறும் பயம் இல்லை. டாக்டர் இல்லாமல் வீட்டில் தானாக இதை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். இப்படியே போனால் அடுத்த வருடம் கொஞ்சங்கொஞ்சமாகச் சோற்றுக்குத் திரும்பிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இதை அக்காவிடம் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் வார்த்தையே வேறாக இருந்தது.

"தம்பி, அடுத்த மாசிக்கு மண்டியில முப்பது கிலோ சொல்லிவெச்சுப்போட்டேன். பத்துமாடா?"