பலகைகள் லொறியில் இருந்தன

எங்கள் தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் வந்த வருடம்தான் அவரை அறிந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில் நாங்கள் வாங்கிய மரவீட்டின் பின்வளவில் தகரக் கக்கூஸ் ஒன்று நின்றது. வாளி மாற்ற வாரம் ஒருமுறை ஆள் வருவான். என் கணவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் இருக்கும். இது மட்டும் இருக்காது.

தெருக் குழாயிலிருந்து வீடுவரை கிடங்கு வெட்டிக் குழாய் பதிக்க வந்தவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். இத்தாலியப் பெற்றோருக்கு நியூயோர்க்கில் பிறந்து, போர்க்காலத்தில் அமெரிக்கப் படையோடு மெல்பேர்ணுக்கு வந்தவர். இங்கே ஒரு பழக்கடைக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். இத்தாலியர்கள் அவரை அமெரிக்கன் என்றார்கள். மற்றவர்கள் இத்தாலியன் என்றார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். கணிதம் படிப்பித்த என் கணவரை அவர் ‘புரொபெசர்’ என்று கூப்பிடுவார்.

அவருடைய இரண்டு மகன்மாரும் அவரோடுதான் வேலை செய்தார்கள். ஆனால் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. காரணம் தெருவுக்கே தெரியும். இளையவன் தன் கலியாணத்தைக் கால்பந்து இறுதியாட்டம் நடக்கும் சனிக்கிழமையில் வைத்துவிட்டான். அந்த வருடம் பார்த்து மூத்தவனின் அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. மூத்தவன் தேவாலயத்துக்குப் போகவில்லை. இரவு விருந்துக்கு, அணியின் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய் வந்து நின்றானாம். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். மெல்பேர்ண்காரர் சிரிக்கமாட்டார்கள், நியாயம் யார் பக்கம் என்று யோசிப்பார்கள்.

ஒரே லொறியில் மூவரும் வருவார்கள். நடுவில் தகப்பன். அவர்கள் பேசிய ஆங்கிலத்தை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“அப்பா, குழாயை இறக்கச் சொல்லி அவனிட்டச் சொல்லுங்கோ.”

“இறக்கியாச்சு எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ, அப்பா. கண் தெரியேல்லையோ எண்டும் கேளுங்கோ.”

இருவருக்கும் இடையில் ஒரு தள்ளுவண்டியின் தூரம்தான் இருக்கும்.

“நான் இவங்கட ரெலிபோன், புரொபெசர்,” என்றார் என் கணவரிடம். “பில்லும் நான்தான் கட்டிறன்.”

விபத்து நடந்த நாளுக்கு முதல்நாள் நல்ல மழை. எங்கள் வளவு முழுக்கக் களிமண். முன்வேலிப் பக்கம் கிடங்கு ஆளை மறைக்கும் ஆழத்தில் இருந்தது. அவ்வளவு ஆழத்தில் இறங்குவதென்றால், முதலில் இரண்டு பக்கச் சுவருக்கும் பலகை வைத்து இடையில் முட்டுக்கொடுப்பது அவருடைய வழக்கம். அன்றும் “பலகை” என்று மூத்தவனிடம் சொன்னார். மூத்தவன் மண்ணள்ளும் யந்திரத்தில் இருந்தான். லொறியடியில் நின்றவன் இளையவன். அவனுக்கு அப்பா தனியாகச் சொல்லுவார் என்று மூத்தவன் பேசாமல் இருந்தான். அப்பாவோ, சொல்லியாயிற்று என்று நினைத்தார். பிறகு, குழாய் மூட்டு ஒன்று சரிந்திருப்பதைக் கண்டு, ஒரு நிமிட வேலைதானே என்று இறங்கிவிட்டார்.

நான் குசினி யன்னலில் நின்றேன். பெரிய சத்தம் கேட்கவில்லை. ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். பார்த்தபோது, சற்றுமுன் வேலியோரத்தில் நின்ற அவரைக் காணவில்லை.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இளையவன் கிடங்குக்குள் குதித்திருந்தான். ஒரு பக்கச் சுவர் அப்படியே பெயர்ந்து, தகப்பனை நெஞ்சுவரை மூடியிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. ஒவ்வொரு முறை மூச்சை விட்டபோதும் மண் இன்னும் இறுகியது. உதடு நீலம் பூத்துக்கொண்டு வந்தது.

என் கணவர் அம்புலன்சுக்கு ரெலிபோன் எடுக்க உள்ளே ஓடினார். இளையவன் கைகளால் மண்ணை வாரி வாரி எறிந்துகொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்.

“மெஷினைத் தொடவேண்டாம் எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ!”

நான் மண்மேட்டைச் சுற்றி ஓடினேன். மூத்தவன் இருக்கையை விட்டு இறங்கவில்லை. அவனுடைய முகமும் வெளிறித்தான் இருந்தது.

“விளிம்பில கிடக்கிற குவியலை இழுக்காட்டி அதுவும் உள்ள விழும். அவனிட்டச் சொல்லுங்கோ!”

திரும்ப ஓடினேன். சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விசர் பிடித்ததுபோல இருந்தது. ஒரு மனிதர் கண்முன்னே மூச்சுக்குத் திணறுகிறார். நான் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் சேதி காவுகிறேன். பாதி மண்ணில் புதைந்த அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேலையைத்தான் நான் செய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

யந்திரம் உறுமியது. மூத்தவன் குவியலை மெல்ல இழுக்கத் தொடங்கினான். குவியலுக்குப் பின்னால் நடப்பது அவனுக்குத் தெரியாது. யந்திரத்தின் பாரத்தில், இன்னும் விழாமல் நின்ற மற்றச் சுவரில் ஒரு வெடிப்பு நீளமாக ஓடியது. சிறு கட்டிகள் தகப்பனின் தோளில் விழுந்தன. நான் ஓடினாலும் சேதி நேரத்துக்குப் போய்ச் சேராது என்று எனக்கே தெரிந்தது.

“நிப்பாட்டடா!” என்று இளையவன் அலறினான். “விசரா, நிப்பாட்டு! மற்றப் பக்கம் வருது!”

யந்திரம் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் தகப்பனின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது.

“என்ன வேணும்?” மூத்தவனின் குரல்.

“பலகை! பலகையைக் கொண்டு வா!”

“எங்க?”

“லொறியில. எல்லாம் லொறியிலதான் கிடக்கு.”

மூத்தவன் இரண்டிரண்டாகத் தூக்கிவந்து இறக்கினான். பிறகு அவனும் குதித்தான். ஒருவன் பிடிக்க மற்றவன் முட்டு அடித்தான். “கீழ.” “பிடிச்சிருக்கிறன்.” “இன்னும் கொஞ்சம்.” “அடி.” வேறு பேச்சில்லை. வெடித்த சுவர் பலகையில் சாய்ந்து நின்றது. நெஞ்சைச் சுற்றியிருந்த மண்ணை இருவரும் நகத்தால் தோண்டினார்கள். அவர் முழு மூச்சொன்று இழுத்தது மேலே நின்ற எனக்குக் கேட்டது. அம்புலன்ஸ்காரர் வந்தபோது இடுப்புவரை எடுத்துவிட்டிருந்தார்கள்.

விலா எலும்புகள் முறிந்திருந்தன. குணமான பிறகு அதே கிடங்கை முடிக்க மூவரும் வந்தார்கள். அவரை வேலை செய்ய விடாமல் எங்கள் குசினிக் கதிரை ஒன்றை வெளியே போட்டு இருத்தினார்கள். பலகையை மறந்தது யார் என்று மகன்மார் இருவரும் காலையிலிருந்து கத்திக்கொண்டே வேலை செய்தார்கள். இறுதியாட்டக் கதையும் எழுந்தது. தேத்தண்ணி கொண்டுபோன என்னிடம் அவர் சொன்னார்:

“முந்தி நான் ரெலிபோன். இப்ப இவங்கள் ரேடியோ. நிப்பாட்டத்தான் ஏலாமக் கிடக்கு.”

சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூறை நெருங்கும்வரை இருந்தார். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் கண்டார். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கீழே அவர் பதித்த குழாய்கள்தான். போன மாதம் தேவாலயத்தில் பெட்டியின் முன்பக்கத்தை இரண்டு மகன்மாரும் தூக்கினார்கள். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. வாசலுக்கு வந்ததும் மூத்தவன் தாழ்ந்த குரலில் சொன்னான்:

“படி வருது. பாத்து.”

“தெரியும்,” என்றான் இளையவன். “நீ உன்ர பக்கத்தைப் பார்.”