பங்கஜம் அக்கா அமர்ந்த மேசை

விரி என்ற புறநகரில் எட்டு வருடம் பெட்டி கட்டிய கிடங்கை மூடியபோது சுகந்தினிக்கு நாற்பத்து நான்கு வயது. மூன்று மாதம் வேலை தேடி அலைந்தாள். கடைசியில் அகப்பட்டது நகரத்துக் கேசினோவில் சீட்டுப் போடும் வேலை. எட்டு வாரம் சம்பளத்தோடு பயிற்சி. தேறினால் பகல் ஷிப்ட்.

"சூதாடுற இடத்திலயோ? கோயில்ல ஆக்கள் கேட்டால் என்னெண்டு சொல்லுறது?" என்றான் கணவன் யசீகரன். பஸ் ஓட்டுபவன்; ஊர்வாய்க்குப் பயந்தவன்.

"ஹோட்டல் வேலை எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

பயிற்சி கொடுத்தவள் லோசா என்ற சமோவாப் பெண், சுகந்தினியைவிடப் பதினைந்து வயது இளையவள். முதல் வாரம் முழுவதும், பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வட்டச் சிப்புகளோடு போயிற்று. குனிந்து பார்க்காமல், விரல் உணர்விலேயே இருபது இருபதாகப் பிரிக்க வேண்டும். பெட்டி கட்டிக் காய்த்த விரல்கள் அதை விரைவில் பிடித்துக்கொண்டன. பிளாக்ஜாக் ஆட்டத்தில்தான் அவள் விழுந்தாள். இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் தோல்வி. ஏஸ் சீட்டு ஒன்றாகவும் வரும், பதினொன்றாகவும் வரும். மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தால் ஏழு கூட்டலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டும். அவள் மனதுக்குள் தமிழில் கூட்டினாள். வாய் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடியில் எல்லாம் குழம்பியது. ஐந்தாம் வாரத் தேர்வில் தோற்று, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை யசீகரனே சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து அமர்ந்தான். "போடும் பாப்பம்," என்றான். கடலைப் பருப்பைப் பந்தயமாக வைத்து மூன்று வாரம் ஆடினார்கள். மகள் சிவானியும் சேர்ந்துகொண்டு, அம்மா தடுமாறும்போதெல்லாம் மேசையைத் தட்டினாள். எட்டாம் வாரம் சுகந்தினி தேறினாள்.

கடைசி நாள் பாடம் சீட்டைப் பற்றியதல்ல. ஆட வருகிறவரையும் பார்க்க வேண்டும் என்றாள் லோசா. சாப்பிடாமல் மணிக்கணக்கில் இருப்பவர், கை நடுங்குபவர், எழ முடியாமல் தவிப்பவர் கண்ணில் பட்டால் மேலாளரிடம் சொல்ல வேண்டும். தெரிந்தவர் மேசைக்கு வந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போன இரண்டாம் வாரம், காலை பதினொரு மணிக்கு, அவள் மேசையில் வந்து அமர்ந்தது பங்கஜம். பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் சுகந்தினி வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த ஓய்வுபெற்ற நர்ஸ், தமிழ்நாட்டுக்காரி. சிவானி குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்தது. அன்று செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து பிள்ளையைக் கையில் வாங்கியவள் அவள்தான். பங்கஜத்தின் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"நீயா? ஹோட்டல்ல வேலைன்னாங்களே!" என்றவளின் முகம் மறுகணம் சுருங்கியது. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

சுகந்தினி விதிப்படி மேலாளரைக் கூப்பிட்டாள்; சுகந்தினியை வேறு மேசைக்கு மாற்றினார்கள். ஆனால் கண்ணை மாற்ற முடியவில்லை. அடுத்த நாளும் பங்கஜம் வந்தாள். அதற்கடுத்த நாளும். சுகந்தினி ஷிப்ட் தொடங்கும்போது அமர்ந்திருந்தவள், முடியும்போதும் அதே நாற்காலியில் இருந்தாள். சர்க்கரை நோயுள்ள மனுஷி; ஒரு வாய் சாப்பிட்டதைப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் சிப்பை முன்னே தள்ளும்போது பங்கஜத்தின் விரல்கள் வெடவெடவென்று ஆடின. ஒரு காலத்தில் சிவானியின் நாடியைப் பிடித்துப் பார்த்த விரல்கள். சுகந்தினிக்குத் தன் மேசையின் கூட்டலே மறந்துபோயிற்று. இடைவேளையில் நேரே மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

பங்கஜத்தைத் தனியே அழைத்துப் பேசினார்கள். முதலில் சாப்பிட வைத்தார்கள். பிறகு, இரண்டு வருடம் அந்தப் பக்கம் வரக்கூடாதென்று தடை எழுதி, மகளை வரவழைத்து அவளோடு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் சுகந்தினி வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"உன் வேலைய நான் யார்கிட்டயாவது சொன்னேனா? நீ என் மானத்த வாங்கிட்டியேடி."

"அக்கா, உங்கட கை நடுங்கினது..."

"பேசாதே!"

அவள் போன பிறகு யசீகரன் வாசல் கதவைச் சாத்தினான். பிறகு, "எங்கட பிள்ளையைக் காப்பாத்தின மனுசி. காட்டிக்குடுத்திட்டீரே," என்றான்.

"அதாலதான் சொன்னனான்," என்றாள் சுகந்தினி. சொன்னாளே தவிர, அன்று தன் தட்டுச் சோற்றைத் திரும்பப் பானையில் போட்டாள்.

கோயிலில் செய்தி பரவியது. ஆனால் பேச்சு பங்கஜத்தைப் பற்றியல்ல; சூதாட்ட மேசையில் நிற்கும் சுகந்தினியைப் பற்றி. அவள் வெள்ளிக்கிழமைகளில் போவதை நிறுத்திக்கொண்டாள். பங்கஜம் வீட்டைப் பூட்டிவிட்டு வெஸ்ட்கேட் என்ற இன்னொரு புறநகரில் மகள் ஸ்வர்ணாவோடு இருக்கப் போய்விட்டாள்.

நான்கு மாதம் பொறுத்து, மனம் கேட்காமல், ஒரு சனிக்கிழமை சுகந்தினி அங்கே போனாள். கதவைத் திறந்த ஸ்வர்ணா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இப்ப நேரத்துக்குச் சாப்பிடுறாங்க. ஆலோசகர்கிட்டயும் போறாங்க. நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." சுகந்தினிக்குக் கண் நிறைந்தது.

பங்கஜம் உள்ளேயிருந்து வந்தாள். உடம்பு தேறியிருந்தது, எதிரே அமர்ந்தாள். கோபம் காட்டவில்லை, சிவானியை விசாரித்தாள். ஸ்வர்ணா டீ போட எழுந்து போனதும் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் உக்காருவேனே, அந்த ஓரத்து மேஜை... அதுல இப்ப யாரு சீட்டுப் போடுறா?"

சுகந்தினி அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பங்கஜம் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.