காப்பு கட்டிய கையும் ஊசி போட்ட கையும்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த வருடம் என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தலைமுடி போய்விட்டது, நாக்கில் ருசி போய்விட்டது, குளியலறை வரை நடக்கும் தெம்புகூடச் சில நாள் இருக்காது. கோபம் மட்டும் எந்த மருந்துக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். நாங்கள் அப்போது கிளேபாங்கில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஒன்பது. ஆஸ்பத்திரியில் மருந்தை நரம்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த மருந்து நோயையும் கொல்லும், நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்துக் கொல்லும் என்று அனுபவப்பட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு நாள் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கு ஒழுக வந்தான். வழக்கம்போல என் பக்கத்தில் படுத்துக்கொண்டான். நானும் வழக்கம்போல அவன் சாப்பிட்டு வைத்த மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டேன். எந்தத் தாய் யோசிப்பாள்? இரண்டே நாளில் அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். நான் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சாதாரணச் சளிக்காய்ச்சல் எனக்கு நுரையீரல் வரை இறங்கியிருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னாராம்.

அதனால் பிள்ளைகளை அலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினோம். கணவருக்கு அவர் அக்கா, எனக்கு அண்ணி. புருஷனை இழந்தவர், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் வேலை. கையும் குரலும் கெட்டி. எங்களுக்குள் கல்யாணமான நாளிலிருந்தே அவ்வளவாக ஒத்துப்போகாது. ஆனால் என் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மளிகைக்கடை போனிலிருந்து பிள்ளைகளைப் பேசவைப்பார். மகள் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். மகன் 'ம்' என்பதோடு சரி.

மாதங்கள் போயின. பிறகு, கோலாலம்பூருக்கு அனுப்பி இதைவிடக் கடுமையான சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றார்கள். போனால் எப்போது வருவேன் என்று யாரும் சொல்லவில்லை, வருவேனா என்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் உடம்பு தேற ஒரு மாதம் இடைவெளி கிடைத்தது. டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போவதற்கு முன் என் பிள்ளைகளோடு இருக்கலாமா?

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கலாம், ஆனால் முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் ஃபுளு ஊசி போட வேண்டும் என்றார். எனக்குப் போட்டாலும் என் உடம்பில் இப்போது அது சரியாக வேலை செய்யாது, அதனால் என்னைச் சுற்றி இருப்பவர்களுக்குப் போட வேண்டுமாம். போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பலன். அப்படியும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, யாருக்காவது தும்மல் இருமல் இருந்தால் கிட்டே விடக் கூடாது என்றும் எச்சரித்தார். அந்தக் காலத்தில் நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஃபுளு ஊசி என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. டவுன் கிளினிக்கில் சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது.

மருந்து வந்ததும் கணவர் தனக்குப் போட்டுக்கொண்டு, பழைய காரை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துவரப் போனார். தனியாகத் திரும்பி வந்தார்.

"பிள்ளைங்க எங்க?"

"அக்கா ஒத்துக்க மாட்டேங்குதுலா. மாரியம்மன் திருவிழாவுக்கு ரெண்டு பேருக்கும் காப்பு கட்டிருச்சு. நீ நல்லாவணும்னு பால்குடம் நேந்துகிட்டிருக்கு. காப்பு கட்டுன கையோட ஊசி குத்தக் கூடாதாம். எஸ்டேட் எல்லையத் தாண்டக் கூடாதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்றது? சாமி காரியமாச்சே."

அன்றைக்கு என் கோபத்துக்கு அவர் மட்டும்தான் கிடைத்தார். திருவிழா முடியட்டும் என்று காத்திருந்தால், அதன்பிறகு ஊசி போட்டு இரண்டு வாரம் கழிவதற்குள் நான் கோலாலம்பூர் போயிருப்பேன். நான் பிழைக்க வேண்டும் என்று எடுக்கும் பால்குடம், நான் என் பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் செய்துவிடும் போலிருந்தது. அம்மன் மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணி மேல்தான்.

மறுநாள் நானே கிளம்பிவிட்டேன். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் போகக் கூடாது, கார்க் கண்ணாடியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்று கணவர் சத்தியம் வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனோம். பார்த்தால் நான் இறங்கி அவர்களிடம் ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு முன்னால் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அண்ணி மஞ்சள் புடவையில் வெளியே வந்தார். மாதக்கணக்கில் என்னைப் பார்க்காதவர். கார்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நோயி ஒனக்கு. ஊசி பிள்ளைங்களுக்கா? இது என்னா கூத்து?"

வழியெல்லாம் சண்டைக்குத் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, கண்ணாடி இடைவெளி வழியாகச் சொன்னேன். "நோயி எனக்குத்தான் அண்ணி. ஆனா அது எங்கிட்ட வர்ற வழி பிள்ளைங்கதானே. எனக்கு ஊசி போட்டா ஒடம்புல ஏறாதாம். அதான் அவங்களுக்குப் போட்டு என்னைச் சுத்தி வேலி கட்டச் சொல்றாங்க."

"ஊசி போட்டா காய்ச்ச வரும். காய்ச்சலோட எப்படிக் குடம் தூக்குறது? நேந்தது பாதியில நின்னா ஒனக்குத்தான் ஆவாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷி என்னோடு போட்டி போடவில்லை. எனக்காகப் பயப்படுகிறார். பல வருடமாக என்னைக் குறை சொன்ன அதே வாய், தினமும் அம்மன் முன்னால் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"அண்ணி, நான் கோலாலம்பூர் போயிட்டுத் திரும்புவேனான்னு தெரியாது. ஒரு வாரமாவது அவங்களோட படுத்துத் தூங்கணும். அம்மன்கிட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றேன். தலையில் இருந்த துண்டு நழுவியது. எடுத்துக் கட்டத் தோன்றவில்லை.

அண்ணி கோயில் பக்கம் நடந்தார். என்ன கேட்டார், அம்மன் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. வெகு நேரம் கழித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து என்னிடம் பேசாமல் தம்பியிடம் பேசினார்.

"ராத்தங்கக் கூடாது. இருட்டுறதுக்குள்ள ரெண்டையும் கொண்டாந்து விட்ரணும். பையனுக்குக் காப்பு வலது கையில இருக்கு, பொண்ணுக்கு எடது கையில. மாத்திக் குத்திடப் போறாங்க, பக்கத்துல நின்னு பார்த்துக்க."

கணவர் என்னை வீட்டில் விட்டுவிட்டு, பள்ளி விட்டதும் திரும்பப் போய் பிள்ளைகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். நர்ஸிடம் எந்தக் கை எந்தக் கை என்று இவர் படுத்திய பாட்டில் அந்தப் பெண்ணுக்கே குழம்பிவிட்டதாம். மகளுக்குக் கை மட்டும் கொஞ்சம் வலித்தது. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. இரண்டு பேரும் பால்குடம் எடுத்தார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று அண்ணி போனில் சொன்னார். குரலில் பெருமை தாங்கவில்லை.

ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனதும் அண்ணியே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்குச் சமைத்துப்போடப் பாத்திரம் பண்டம் எல்லாம் கொண்டுவந்தவர், கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். "காலையிலேருந்து தொண்ட கரகரங்குது. நான் வரல. நீ பாரு" என்று அங்கிருந்தே கத்தினார். நான் உள்ளே நாற்காலியில் இருந்து கும்பிட்டேன்.

மகள் வாசல் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மகன் மெதுவாக வந்தான். கூப்பிட்டதும் பக்கத்தில் வந்து நின்றான். ஆனால் பேசவில்லை. உதட்டை இறுக மூடியிருந்தான். கன்னம் உப்பி, முகம் சிவந்துகொண்டே வந்தது.

"என்னடா, அம்மா மேல கோவமா?"

இல்லை என்று தலையாட்டினான். சட்டென்று ஓடி, வாசல் பக்கம் திரும்பி நின்று மூச்சை விட்டான். இழுத்தான். அப்படியே நின்றுகொண்டு கேட்டான்.

"ம்மா, அதான் ஊசி போட்டாச்சுல்ல. ஒங்க பக்கத்துல மூச்சு விடலாமா?"

அவனால்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது என்று நாங்கள் ஒரு நாளும் அவன் காதுபடப் பேசியதில்லை. இத்தனை மாதமும் அவன் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறான்.

அவனை இழுத்து, முகத்தை என் கழுத்தோடு வைத்துக்கொண்டேன். "விடுடா" என்றேன். முதலில் கொஞ்சமாகத்தான் விட்டான். "நல்லா விடுடா!" என்று அதட்டினேன். அதட்டிக்கொண்டே அழுதேன்.