பின் சீட்டில் நாலு நாள்

நாலு நாள் டிரிப். மாமல்லபுரத்தில் ஏற்றி, செஞ்சிக் கோட்டை, ஏற்காடு, தஞ்சாவூர் எல்லாம் காட்டி, மறுபடி மாமல்லபுரத்தில் இறக்கிவிட வேண்டும். டிரைவரும் நானே, கைடும் நானே. வந்தது கல்யாணமாகி ஆறு மாதம் ஆன சென்னை ஜோடி. செஞ்சியில் நான் ராஜாக்கள் கதையை அளந்துகொண்டிருந்தபோதே அவன் அவளை முறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏற்காடு மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பளாரென்று அறை விழுந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டாளாம், அதற்கு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பின் சீட்டில் புருஷன் பெண்டாட்டி தகராறு என்றால் பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவோம். நானும் அதையே செய்தேன். த்தூ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தஞ்சாவூரில் அவன் சிகரெட் வாங்கப் போன நேரம் அவள் என் பக்கம் குனிந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"அண்ணா, செங்கல்பட்டுல எங்க அக்கா இருக்கா. திரும்பும்போது அந்த வழியா போங்க. அங்க எறங்கிட்டா நான் பொழச்சுக்குவேன்."

சரியென்றேன். ஆனால் கடலோர ரோட்டில்தான் போக வேண்டும் என்று அவன் அடம்பிடித்தான்.

கல்பாக்கம் நெருங்கும்போது அக்காவுக்கு அவள் அனுப்பிய மெசேஜைப் பார்த்துவிட்டான். தலைமுடியைப் பிடித்து ஜன்னலில் மோதினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ரத்தம் கண்ணாடியில் வழிந்தது.

வண்டியை ஓரங்கட்டி, அவன் சட்டையைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டேன்.

"உன் வேலையப் பாருடா. என் பொண்டாட்டி, நான் அடிப்பேன்" என்றான்.

மூக்கில் விட்டேன் ஒரு குத்து. விழுந்தவனை மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். டீக்கடைக்காரர் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். "அண்ணாத்த, வுடு, செத்துடப் போறான்!"

அவன் பெட்டியை அவன் பக்கத்திலேயே வீசிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு விரட்டினேன். அக்கா தெருவிலேயே நின்றிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் ஓவென்று கத்தினாள். இருவரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் கிளம்பினேன்.

சதுரங்கப்பட்டினத்தில் என் வீட்டுக்கு வந்து, நடந்ததை என் பெண்டாட்டியிடம் நடித்தே காட்டினேன். ரத்தச் சட்டையை வாளியில் அமுக்கிக்கொண்டே கேட்டாள். மெச்சுவாள் என்று காத்திருந்தேன்.

"நல்ல காரியந்தான் பண்ணிகீற" என்றாள். "நீ என்னை அடிச்ச காலத்துல, இந்த மாதிரி எவனாவது வந்து உன்ன இஸ்துப் போட்டு மிதிக்க மாட்டானான்னு நானும் ரோட்டயே பாத்துகினு இருந்தேன்."