என் எடை அவர் பெயரில்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் கிடையாது. ஒரு ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து ஏறும்போது, இரண்டாம் மாடி ஜன்னலருகே என் கணவர் நின்றுவிட்டார்.

"என்ன?" என்றேன்.

"கிரேன் பாக்கிறன்."

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டிய மனுசன். அதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரியும். சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். அது என் முதல் பிழை.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். இதயச் செயலிழப்பு என்றார்கள். பெயரைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. போதிய பலத்தோடு இரத்தத்தைத் தள்ள முடியாத நிலை. அதனால் உடம்பில் தண்ணீர் தேங்கும். முதலில் காலில், பிறகு நுரையீரலில்.

"அம்மா, ஒரு விசயம்தான் முக்கியம்" என்றார் டொக்டர். "விடிய எழும்பி, சலம் (சிறுநீர்) போனாப் பிறகு, சாப்பிட முதல் நிறுத்துப் பாருங்கோ. ரெண்டு நாளில ரெண்டு கிலோ கூடினா அது கொழுப்பில்ல, தண்ணி. உடன கூட்டிக்கொண்டு வாங்கோ."

இதை எனக்குத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அந்த வேலை என் கையில் இருக்கவில்லை.

இவருடைய தங்கை ரெஜினா கனடாவில் இருக்கிறாள். செய்தி கேட்டு இரண்டு கிழமை லீவில் வந்தாள். ஒரு பெட்டி நிறையச் சாமான். நாடியும் நித்திரையும் பார்க்கும் கைக்கடிகாரம், பிரஷர் மிசின், கண்ணாடித் தராசு, வரவேற்பறைக்கு ஒரு கமெரா. எல்லாவற்றையும் வீட்டு வைபையில் இணைத்தாள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே பிறகு விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். அந்தச் சாமான்களுக்கு ஆளைத் தெரியாது. தாங்கள் அளந்த எண்ணை வைபை வழியாக எங்கேயோ இருக்கும் கணினிக்கு அனுப்பும். அங்கிருந்து, யார் அதைத் தன் பெயரில் பதிந்தாரோ அவருடைய போனுக்குப் போகும். இப்போது ஊரெல்லாம் இதுதான். எங்கள் மாடித் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் காவலாளியின் போன் சத்தமிடும். கீழ்வீட்டு அம்மாவின் ஏசியை டுபாயில் இருந்து மகள் அணைக்கிறாள். அந்த அம்மா வேர்த்துக்கொண்டு மகளுக்குப் போன் போடுவா.

எங்கள் வீட்டுச் சாமான்கள் ரெஜினாவின் பெயரில் பதியப்பட்டன. என் போனிலும் போடச் சொன்னேன்.

"உங்களுக்கு ஏன் அண்ணி கரைச்சல்? இது இங்கிலீசில இருக்கு. நான் பாத்துச் சொல்லுறன்."

இவர் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததைக் கேளுங்கள். விடிய எழும்பினதும் இவர் கனடாவுக்குப் போன் எடுத்து, தான் இரவு எப்படி நித்திரை கொண்டதென்று கேட்பார். பக்கத்தில் படுத்தவள் நான். இருமினால் எழும்பித் தண்ணீர் கொடுத்தவள் நான். ஆனால் நித்திரை எத்தனை மணித்தியாலம் என்று அவள் சொல்ல வேண்டும்.

"நல்லாக் கொண்டிருக்கிறனாம்" என்று என்னிடம் வந்து சொல்லுவார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

ஒருநாள் பகலில் ரூட்டரின் வயரைக் கழற்றிவிட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணி, வீட்டில ஒண்டும் வேலை செய்யேல்ல. என்ன நடந்தது?"

"இடி இடிச்சது. கழட்டினனான்."

"கொழும்பில மழையே இல்ல. நான் பாத்தனான்."

எங்கள் வானத்தையும் அவள்தான் பார்க்கிறாள். திரும்பக் கொழுவினேன்.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நோயாளியைப் பார்ப்பவர்களைப் பொறுமைசாலி என்று புகழ்வார்கள். நான் எரிந்துகொண்டு இருந்தேன். இரத்த உறவாம், தங்கையாம். கோப்பை கழுவுவதும் கால் துடைப்பதும் நான்.

தராசு விசயத்துக்கு வருகிறேன். இவர் ஏறுவார். எண் ஒளிர்ந்து மறையும். கண்ணாடி போடாததால் இவருக்கு அது தெரியாது. நான் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "உங்கட தங்கச்சி பாத்துச் சொல்லுவா" என்று குசினிக்குச் சமைக்கப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய படம் வரும். இவர் சிரிப்பார்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் நானும் இளைத்துப் போயிருந்தேன். சட்டைகள் தோளில் நிற்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ஒரு விடிய, இவர் இறங்கிப் போன பிறகு நான் ஏறினேன். அறுபத்துநாலு. அந்த எண்ணும் கனடாவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். 'அண்ணி, இதென்ன, உங்களுக்கு எடை குறைஞ்சிட்டுது' என்று அவள் ஒரு வார்த்தை கேட்பாளா என்று பார்த்தேன்.

கேட்கவில்லை. அடுத்த நாளும் ஏறினேன். ஒன்பது நாள் ஏறினேன்.

எட்டாம் நாள் ஞாயிறு. பூசைக்குப் போகச் செருப்புப் போட்டார். வார் கொழுவ இடமில்லை. கால் வீங்கியிருந்தது.

"இது சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"எடை கூடேல்லையாம். ரெஜினா இப்பதான் சொன்னவள்."

"அப்ப அவளையே வந்து செருப்புக் கொழுவச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் தனியாகப் பூசைக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை, தராசில் ஏறாமலே, சாப்பிட எடுத்த பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். உதடு நீலம். அதே நேரம் போன் அடித்தது. "அண்ணாவின்ர நாடி நூற்றிமுப்பது, என்ன நடக்குது?" என்று கத்தினாள். கைக்கடிகாரம் தன் வேலையைச் செய்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். கீழ்வீட்டார் வந்து கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். ஓட்டோவில் கொண்டுபோனோம்.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது (மூச்சுப் பைகளுக்குள் தண்ணீர் இறங்குவது. உடனே எடுக்காவிட்டால் ஆள் போய்விடும்). ஊசி போட்டார்கள், முகத்தில் ஒக்சிசன் வைத்தார்கள். அங்கே எடை பார்த்தபோது அறுபத்தொன்பது கிலோ.

ரெஜினா வீடியோவில் இருந்தாள். எடை வரைபடத்தை அனுப்பினாள். டொக்டர் அதைப் பார்த்தார். கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போனது.

"நேற்று அறுபத்துநாலு. இண்டைக்கு அறுபத்தொன்பதா? ஒரு நாளைக்கு ஒரு எண்ணை மட்டும்தான் காட்டுது. இந்தத் தராசில வேற ஆர் ஏறினது?"

பொய் சொல்லியிருக்கலாம். இவர் கட்டிலில் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நான்" என்றேன். "இவர் இறங்கினாப் பிறகு. ஒவ்வொரு நாளும்."

டொக்டர் விளக்கினார். தராசுக்கு ஏறுபவர் யாரென்று தெரியாது. பதிந்த பெயருக்குக் கிட்டத்தட்ட எடை ஒத்துப்போனால் அவர்தான் என்று எடுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியால் வந்தபோது இவருக்கும் அறுபத்துநாலு. தராசில் ஏறுபவர் என்று பதிந்திருந்தது இவர் பெயர் மட்டும். அன்றைக்குக் கடைசியாக வந்த எண்ணையே கோட்டில் காட்டும். கடைசி எண் எப்போதும் என்னுடையது. இவர் நாளுக்கு நாள் வீங்க, நான் ஏறி அதை அழித்துக்கொண்டிருந்தேன்.

ரெஜினா போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாவைச் சாகக் குடுக்கப் பாத்தீங்களே அண்ணி."

"ஓம்" என்றேன். "அப்பிடித்தான் போயிருக்கும்."

பிறகு அவளும் அழுதாள். "ஒன்பது நாளா நான் உங்களைப் பாத்துத்தான் சந்தோசப்பட்டிருக்கிறன்" என்றாள்.

ஏழாம் நாள் வார்டில் இவர் எழுந்து உட்கார்ந்தார். நடந்ததை நானே சொன்னேன். என் தோளில் தொங்கிய சட்டையைப் பார்த்தார்.

"உமக்கு அறுபத்துநாலா? முந்தி எழுபத்திரண்டெல்லோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்ல."

அவர் என் கையைப் பிடித்தாரென்று எழுதினால் அழகாக இருக்கும். பிடிக்கவில்லை. அவர் கையில் கனுலா (மருந்து ஏற்றும் குழாய்) குத்தியிருந்தது. "விடிய நீரும் சாப்பிடும்" என்றார், அவ்வளவுதான்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படிச் சாமான் இருக்கும். சொல்கிறேன். பக்கத்தில் இருந்து பார்ப்பவரின் போனில் அது இருக்க வேண்டும். இங்கிலீசு தெரியாவிட்டால் படிக்கட்டும். தராசில் ஏறும் எல்லோர் பெயரையும் பதியுங்கள். திரையில் வரும் எண்ணைக் கண்ணால் பாருங்கள். கோபமென்றால் வாயால் சண்டை பிடியுங்கள், தராசில் ஏறிப் பிடிக்காதீர்கள்.

இவருடைய இதயம் முன்னையதைவிடப் பலவீனம். படியேற அரை மணித்தியாலம் வேண்டும். நானும் ஒவ்வொரு படியிலும் நிற்கிறேன். முந்தி நான் அவசரக்காரி. இப்போது ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று தெரிகிறது.

என் போனிலும் இப்போது எல்லாம் வருகிறது. அதனால் பொறாமை போய்விட்டதென்று நினைக்காதீர்கள். போகவில்லை. ஆனால் டொக்டர் எனக்கு ஒன்று காட்டித் தந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் பெருவிரலால் அழுத்தி எடுக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் பள்ளம் விழும். அது நிரம்ப எத்தனை செக்கன் என்று எண்ண வேண்டும். இதற்குக் கனடாவிலும் மிசின் இல்லை.

அதனால் தினமும் விடிய ரெஜினா எனக்குப் போன் எடுக்க வேண்டியிருக்கிறது.

"எத்தனை அண்ணி?"

"பொறு" என்பேன். விரலை எடுத்துவிட்டு எண்ணத் தொடங்குவேன். சில நாள் பள்ளமே விழாது. அன்றைக்கும் அவளை ஐந்து வரைக்கும் காக்க வைத்துவிட்டுத்தான் சொல்வேன்.