நைனாவுக்கு நான் படித்துச் சொல்லாத வரி

போன வருடம் ஆடி முடிந்த சமயம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவரை நகரியிலிருந்து திருப்பதி மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். புற்றுநோய்க்கு கீமோ முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

நைனா விசைத்தறி ஓட்டுபவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் இழை அறுந்தால் பேச்சை நிறுத்தாமலே முடிச்சுப் போட்டுவிடுவார். கீமோவுக்குப் பிறகோ, அறுந்த இழையைக் கையில் பிடித்தபடி அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றார். பக்கத்துத் தறிக்காரர்கள் கேலி செய்தார்கள். ஒருநாள் நானும், "ஒரு முடிச்சுக்கு எவ்ளோ நேரம் நின்னுகினு இருப்ப நைனா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் தறிப் பக்கமே போகவில்லை.

அன்று டாக்டரம்மாவிடம் நைனா தெலுங்கில் மெதுவாகக் கேட்டார், தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று. அந்த அம்மா திகைத்துப்போனார். கீமோ தொடங்கிய முதல் நாளே கொடுத்த தாளில், இப்படித் தடுமாற்றம் வரலாம் என்று இருந்ததே, யாரும் படித்துச் சொல்லவில்லையா என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் தாளைப் படித்தவனும் நான்தான். வாந்தி வரும், முடி கொட்டும் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரு வரி புரியவில்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று தாண்டிவிட்டேன். அந்த வரி எனக்குப் புரியவில்லை என்று டாக்டரம்மாவிடம் அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டார். மூளை நரம்புகளின் மேல் ஓர் உறை இருக்கிறதாம். சில கீமோ மருந்துகள் அந்த உறையைப் பாதிக்கலாம். அப்போது செய்தி தாமதமாகப் போகும். வேறு காரணம் உண்டா என்று ஸ்கேனும் எடுத்துப் பார்ப்போம், பலருக்கு மெல்ல மெல்லத் தேறும், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

நைனா என் தொடையைத் தட்டினார். "மோட்டார் ஒயர எலி கடிச்ச கதைடா. கரெண்டு கீது, ஒயர் மேல ரப்பருதான் போச்சு. அப்போ எனக்குப் பைத்தியம் இல்ல."

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொன்னார், கண்டக்டருக்கும் சொன்னார். புத்தூர் வருவதற்குள் பாதி பஸ்ஸுக்கு நரம்பு உறை பற்றித் தெரிந்துவிட்டது!

மறுநாள் காலையில் தானே தறிக்குக் கிளம்பினார். நானும் கூடவே போனேன். ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்திவிட்டு, இழையைப் பிடித்தபடி நின்றார். நான் வாயே திறக்கவில்லை. அவரே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இருடா, வந்துகினு கீது."

வந்தது. முடிச்சு விழுந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

தேர்வில் வாங்கிய எந்த மார்க்கும் தராத பெருமையை, புரியவில்லை என்று அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்றும் தருகிறது.