அடிக்காத மணி

எங்கள் வீட்டில் போன் அடித்தால் முதல் மணிக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர் சித்தப்பா. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த தெம்பு.

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தைக்கு அப்போது நிறைமாதம். மணி ஒருமுறை அடித்து நின்றால் வலி கண்டுவிட்டது, சித்தப்பா வேனை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அடிக்கவே இல்லை என்றால் நலம். "பில்லும் ஏறாதுங்க அண்ணி, சேதியும் வந்துரும்" என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டார்.

போனுக்குக் காவல் நான். அந்த வாரம் விடாத மழை. போன் வாயே திறக்கவில்லை. "அத்தை நல்லாருக்குது" என்று தினமும் நானே அறிவிப்பேன், சித்தப்பா முதுகில் தட்டிக்கொடுப்பார். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்பதுதான் இப்போதும் வலிக்கிறது.

தெருமுனை டெலிபோன் பெட்டியில் தண்ணீர் இறங்கி எங்கள் லைன் செத்துப்போயிருந்தது. ஒருவரும் ரிசீவரை எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் அங்கிருந்து அடித்த அத்தை காதில் மணி கேட்டிருக்கிறது. செத்த லைனுக்கும் சில சமயம் அப்படிக் கேட்கும். ஒருமுறை அடித்து வைத்துவிட்டு, துணிப்பையோடு வாசலில் காத்திருந்தாள். நேரமாகி மறுபடி அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் புறப்பட்டுவிட்டோம் என்று நம்பிவிட்டாள். பக்கத்துத் தோட்டத்தார் ஜீப் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கும், "வேண்டாமுங்க, தம்பி வந்துட்டே இருக்குது" என்றாளாம். சந்தைக்குப் போன மாமா திரும்பி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழந்தை தங்கவில்லை.

அதன் பிறகு போனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சித்தப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பார், ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார். எனக்கு அது வேடிக்கை. அவரைப் போலவே எடுத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவேன். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

இன்று எனக்கு கேபிள்களோடுதான் பிழைப்பு. அவற்றில் சொல்வதற்கு ஒன்றுமில்லாத நேரத்திலும் சிக்னல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றும் பூஜ்யமுமாகப் போகும் சேதியில் பூஜ்யத்தைக்கூட மௌனமாக விடாமல், அதற்கும் ஓர் அசைவு வைத்திருக்கிறார்கள். மௌனமாக இருந்தால் நலம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை, லைனைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம்.

சித்தப்பா யாரோடும் பேசுவதற்காக ரிசீவரை எடுக்கவில்லை. லைன் உயிரோடிருந்தால் உள்ளே வருமே, அந்த இரைச்சல் கேட்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறார். கேட்ட பிறகும், அடுத்த முறை தாண்டும்போது மறுபடி எடுத்தார்.